நாலாவது கட்டம்

ஸ்ரீநிதி இன்றைக்கு இரட்டைச் சடை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவளும் அவள் அம்மா வனிதாமணியும் உள்ளே வரும்போதே என் கண் அந்தச் சடைகளில்தான் போய் விழுகிறது. வகிடு கோடு போட்டது போல நேராக இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே கனம், நுனியில் மெரூன் ரிப்பன், காதுக்கு மேலே ஒரு முடிகூடப் பிரிந்து நிற்கவில்லை. பதினோரு வயசுப் பிள்ளை கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து தலையைக் கொடுத்தால்தான் இப்படி வரும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பதினாலு வருசமாக நிற்கிறேன் நான். ஒரு பீஸைக் கையில் எடுத்தால் ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று கண் தானாகப் போய் நிற்கும், நல்லதைப் பார்க்கிற பழக்கமே விட்டுப் போய்விட்டது, ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி வந்து, குழந்தைகளுக்கான இந்த மனநல டாக்டரின் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும், அடுத்தவள் பிள்ளையிடம் எதெது நன்றாக இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்க்கிறது. என் மகள் நேத்ராவுக்கு ஒன்பது வயசு. தலையில் சீப்பு பட்டால் கத்துவாள், தெரு முனை வரைக்கும் கேட்கும், அதனால் ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறேன், அதையும் அவள் துணி லேபிள்களை அடுக்கி விளையாடுகிற நேரம் பார்த்து, பின்னாலிருந்து, திருடி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. அவளுக்கென்று நான் ரிப்பன் வாங்கி ஆறு வருசம் இருக்கும்.

வனிதாமணி எனக்குப் பக்கத்து நாற்காலிக்குத்தான் வருவாள், ஐந்து மாதமாக அப்படித்தான். பல்லடத்தில் தறி வைத்திருக்கிற வீடு அவளுடையது. நான் அக்கா என்கிறேன், அவளும் கூடப் பிறந்தவள் போலத்தான் பேசுகிறாள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, குறை இல்லாமல் இருப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

“வந்து ரொம்ப நேரமாச்சுங்களா பூங்கொடி?”

“இப்பத்தானுங்க்கா. உங்களுக்கு எத்தனாவது டோக்கன்?”

“பத்துங்க. உங்களுக்குப் பதினொண்ணா? அப்ப நாங்க போய்ட்டு வந்ததும் நீங்கதான்.”

ஸ்ரீநிதி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். “சாப்ட்டீங்களா ஆன்ட்டி?” என்கிறாள். சாப்பிட்டேன் கண்ணு என்கிறேன். அவ்வளவுதான் பேச்சு, நாலு வார்த்தை, பஸ் ஸ்டாண்டில் யாரும் யாரையும் கேட்பது, அது என் நெஞ்சுக்குள் முள் மாதிரி இறங்கி நிற்கிறது, ஏனென்றால் ஒன்பது வருசத்தில் என் பிள்ளை என்னை ஒரு தடவை சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. என் பிள்ளை இப்போது நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, கம்பெனியில் மீந்து போகிற துணி லேபிள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள், துவைக்கிற விதமும் இஸ்திரிச் சூடும் சொல்லும் சின்னச் சின்னப் படங்கள் போட்ட லேபிள்கள், நான்தான் பை நிறையக் கொண்டுவந்து கொடுப்பேன். ஸ்ரீநிதி உட்கார்ந்ததும் நேத்ரா எழுந்து போய், கேட்காமல் கொள்ளாமல் அவள் சட்டைக் கழுத்தைப் பின்னால் திருப்பிப் பார்க்கிறாள். “நூறு சதம் காட்டன். தொட்டிக்குள்ள கை. கையிலதான் தொவைக்கணும். முக்கோணத்துல பெருக்கல், ப்ளீச் போடக் கூடாது.” வேறு யாராக இருந்தாலும் கையைத் தட்டிவிடுவார்கள், போன வருசம் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் தட்டிவிட்டு அது பெரிய ரகளையாகி நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஸ்ரீநிதி கழுத்தை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுக்கிறாள். “இஸ்திரிப் பெட்டியில எத்தனை புள்ளி நேத்ரா?” என்று கேட்கிறாள். “ரெண்டு” என்கிறாள் என் மகள், அவள் குரலில் சந்தோஷம் தெரிகிறது, எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. நோயாளிப் பிள்ளையாக இருந்துகொண்டு இவள் என் மகளோடு என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். அதற்கும் வயிறு எரிகிறது.

வயிற்றெரிச்சல்தான், வேறு பெயர் வைத்துப் பார்த்தாயிற்று. கவலை என்று வைத்துப் பார்த்தேன், களைப்பு என்று வைத்தேன், ரத்தக் கொதிப்பு பார்க்கக்கூடப் போனேன், அளவு சரியாகத்தான் இருந்தது. எனக்கு வனிதாமணி மேல் பொறாமை. எதற்குப் பொறாமை என்று வெளியே சொன்னால் செருப்பால் அடிப்பார்கள், அவள் பிள்ளைக்கு வந்திருக்கிற நோய்க்குப் பொறாமை. பைபோலார் என்று அதற்குப் பெயர். போன வருசம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஆரம்பித்தது என்பாள் வனிதாமணி, நாள் சொல்வாள், அந்த நாள் என்ன சமைத்தாள் என்பது வரை சொல்வாள். அதுவரைக்கும் மற்றப் பிள்ளைகள் மாதிரி இருந்த ஸ்ரீநிதி அன்றைக்கு விடிகாலையில் எழுந்து வீட்டையெல்லாம் ஒழித்துத் துடைத்தாளாம், தூங்கவே இல்லையாம், களைக்கவும் இல்லையாம், தான் கலெக்டர் ஆகிவிட்டதாகவும் தெருவுக்கெல்லாம் வீடு கட்டித் தரப்போவதாகவும் மூன்று வாரம் பேசிக்கொண்டே இருந்தாளாம், அப்புறம் ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாளாம். கேட்கும்போது த்சொ த்சொ என்றேன். உள்ளே நான் பிடித்துக்கொண்டது ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்பதை. அவளுக்கு ஆரம்பித்த நாள் ஒன்று இருக்கிறது. ஆரம்பம் இருந்தால் அதற்கு முந்தி என்று ஒன்று இருக்கிறது. போனில் வைத்திருக்கிறாள் வனிதாமணி, முந்திய ஸ்ரீநிதி ஆண்டு விழாவில் கும்மி ஆடுகிறாள், முந்திய ஸ்ரீநிதி அப்பா முதுகில் ஏறி யானை ஓட்டுகிறாள், விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவாள். எனக்கு முந்தி எது? பிறந்த மூன்றாம் மாதத்திலேயே தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதாள் நேத்ரா, தொட்டிலில் போட்டால் அடங்கினாள். என் புருசன் ரகுபதி கட்டிங் மாஸ்டர், நிதானமான ஆள், “புள்ள எப்பவுமே இப்படித்தான பூவு, புதுசா என்ன” என்பார். அந்த எப்பவுமே என்கிற வார்த்தையைக் கேட்டால் எனக்குத் தட்டைத் தூக்கி எறியத் தோன்றும்.

டாக்டர் சௌந்தரவல்லி முதல் தடவையே எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். நேத்ராவை இதற்கு முன்னால் பார்த்த ஒருவர் ஆட்டிசம் போல இருக்கிறது என்றார், இன்னொருவர் பெண் பிள்ளை, கண்ணைப் பார்த்துப் பேசுகிறது, இவ்வளவு கோபம் வருகிறது, மனநிலைக் கோளாறாக இருக்கலாம் என்றார், அதனால்தான் இங்கே வந்தோம். “ரெண்டும் வெளிய இருந்து பாத்தா ஒரே மாதிரி தெரியுங்கம்மா. ரெண்டுலயும் கத்துவாங்க, ரெண்டுலயும் தூக்கம் கெடும், நிறுத்தாம பேசறதும் ரெண்டுலயும் உண்டு. ஒரு நாளைப் பாத்து நான் சொல்ல முடியாது. நாள் நாளா கூடவே போய்ப் பாக்கணும்” என்றார். ஆட்டிசம் என்றால் சின்னதிலிருந்தே இருக்கும், தினமும் இருக்கும், பிள்ளை கத்தினால் பெரும்பாலும் அதற்கு முன்னால் ஏதோ ஒன்று நடந்திருக்கும், ஒரு சத்தமோ வழக்கம் மாறினதோ, நமக்குத்தான் தெரியாது என்றார். பைபோலார் அப்படி இல்லை, அது வரும், நாள் கணக்கில் வாரக் கணக்கில் நிற்கும், போகும், நடுவுல குழந்தை முன்ன இருந்த மாதிரியே இருக்கும் என்றார். சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு என்றார். அதையெல்லாம் நான் சரியாகத்தான் கேட்டேன், ஆனால் எனக்குள் தங்கினது நடுவுல என்கிற ஒரு வார்த்தை மட்டும். நடுவுல. பஸ்ஸில் போகும்போது நடுவுல, செக்கிங் டேபிளில் பீஸைத் திருப்பும்போது நடுவுல. வனிதாமணிக்கு ஒரு நடு இருக்கிறது. அந்த நடுவில் அவள் பிள்ளை வந்து பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறது, அம்மா பசிக்குது என்கிறது, தலையைக் கொடுத்துச் சடை பின்னிக்கொள்கிறது. எனக்கும் அப்படி ஒரு நடு எங்கேயோ இருக்கலாம், மாத்திரை போட்டால் வரலாம், உள்ளே ஒரு நேத்ரா அடைபட்டுக் கிடக்கிறாள், கதவைத் திறந்தால் வந்து என் மடியில் விழுவாள், இப்படி நினைக்க ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை.

சொந்தக்காரர்கள் விசயமும் இருக்கிறது. ஸ்ரீநிதி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வரிசையாக வந்து பார்த்தார்களாம், நோய் என்றால் வரத்தான் செய்வார்கள். எனக்கு யாரும் ஒரு வாழைப்பழம் வாங்கி வந்ததில்லை. என் நாத்தனார் ஒரு சீர் விசேஷ வீட்டில் எல்லார் முன்னாலும் “வேலைக்குப் போறவ வளத்தற புள்ள இப்படித்தான் இருக்கும்” என்றாள், நேத்ரா அப்போது மேள சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு பந்தியில் இலைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தாள். வந்து போகிற நோய் என்றால் பிள்ளைக்கு நோய், எப்பவுமே என்றால் அம்மாவுக்குக் குற்றம், ஊரில் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

அதனால்தான் செய்தேன். ஏன் செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானே என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் ஒரு சார்ட் கொடுத்தார், ஒரு நாளைக்கு ஒரு வரிசை, வரிசைக்கு நாலு கட்டம். எத்தனை மணி நேரம் தூக்கம். அன்றைய மனநிலை, அளவுக்கு மீறின வேகம் என்றால் சிவப்பு, சோர்வு என்றால் நீலம், வழக்கம் போல என்றால் பச்சை. அழுகையோ கத்தலோ எவ்வளவு நேரம். நாலாவது கட்டம் கொஞ்சம் அகலமாக இருக்கும், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுத. முதல் மாதம் ஒழுங்காக எழுதினேன். குக்கர் விசில், கத்தினாள். வேறு வழியாகப் போனோம், கத்தினாள். தட்டில் ரசம் பொரியலில் பட்டது, இருபது நிமிடம். டாக்டர் படித்துவிட்டு விரலால் நாலாவது கட்டத்தில் மேலிருந்து கீழே கோடு இழுத்தார். “பாருங்கம்மா, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. எனக்கென்னமோ இது மனநிலை நோய் மாதிரி தெரியல. இன்னும் ரெண்டு மாசம் எழுதுங்க, பாத்துட்டு முடிவா சொல்றேன்” என்றார். அன்றைக்கு வெளியே வந்தபோது வனிதாமணி இங்கேயே இதே நாற்காலியில் இருந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சார்ட் எழுதுவதுதான் சிரமமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நோய் மறுபடி ஒரு தடவை வந்தபோது எழுதின தன்னுடைய பழைய சார்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், இப்படி எழுதினால் டாக்டருக்கு எளிது என்று. ஒன்பது வரிசை தொடர்ந்து சிவப்பு, அப்புறம் பதினொரு வரிசை நீலம், அப்புறம் கீழே வரை பச்சை. எவ்வளவு சுத்தமாக இருந்தது. என் வீட்டு நோட்டில் ஒரே நாளில் காலையில் சிவப்பு, மத்தியானம் பச்சை, சாயங்காலம் ஐந்து நிமிடம் சிவப்பு, என்ன நிறம் என்றே தெரியாத நாட்கள். அந்த மாதத்திலிருந்து நோட்டில் ஒன்று, சார்ட்டில் ஒன்று. சிவப்பையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தேன். அந்த நாட்களுக்குத் தூக்கம் நாலு மணி நேரம் என்று போட்டேன், நேத்ரா ஒன்பது மணி நேரம் தூங்குகிறவள், ஒரு மணி குறைந்தால் மறுநாள் முழுக்கச் சிணுங்குவாள். நாலாவது கட்டத்தை வெறுமனே விட்டேன். அதில் பொய் எழுதவில்லை, எழுதாமல் விட்டேன், அவ்வளவுதானே என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன், ஒரு ஓட்டை பீஸை நல்ல பீஸோடு மடித்து வைக்கிறவளை நானே எத்தனை தடவை கம்பெனியில் திட்டியிருக்கிறேன்.

போன மாதம் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “இந்த மாசம் வேற மாதிரி இருக்கே” என்றார். நான் ஆமாங்க மேடம் என்றேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாளைப் பார்த்தார், பிள்ளை நிறுத்தாமல் பேசுகிறாள், உட்காருவதில்லை என்று எழுதியிருந்தது, அது என் பொய்க்குத் தோதாக இருந்தது. மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த மாசமும் இப்படியே வந்தா ஆரம்பிக்கலாம் என்றார். அந்த அடுத்த மாதம் இன்றைக்கு. போன சனிக்கிழமை ரத்தம் எடுக்க மூன்று பேர் பிடிக்க வேண்டி வந்தது, நான் கால்களைப் பிடித்தேன், அவள் கத்தவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை, இஸ்திரி ஒரு புள்ளி, இஸ்திரி ரெண்டு புள்ளி, இஸ்திரி மூணு புள்ளி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வலித்தாலும் பரவாயில்லை, இதற்குப் பின்னால் நடு வரும் என்று நினைத்தேன். மூன்றாவது சார்ட் இப்போது என் கைப்பையில் இருக்கிறது, நான்காக மடித்து, ஜூன் பன்னிரண்டிலிருந்து இருபது வரை சிவப்பு.

“என்னங்க பூங்கொடி, முகம் ஒரு மாதிரி இருக்குதே.”

“ஒண்ணுமில்லீங்க்கா. இன்னிக்கு மாத்திரை எழுதுவாங்களாட்ட இருக்குது.”

வனிதாமணி என் பக்கம் திரும்பி உட்காருகிறாள். “உங்களைப் பாத்தா சில நேரம் எனக்குப் பொறாமையா இருக்குமுங்க” என்கிறாள். “உங்க பாப்பா இன்னிக்கு எப்படியோ நாளைக்கும் அப்படித்தான். நான் தெனமும் காலைல இவ மொகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி சாமி படத்தைப் பாத்துக்குவேன். கொஞ்சம் வேகமாச் சிரிச்சாக்கூட கையில இருக்கற வேலைய விட்டுட்டு ஓடிப் பாக்கறேன். சும்மா சந்தோசமாச் சிரிக்கறாளா, மறுபடியும் வருதான்னு தெரியறதில்ல.”

கேட்டதும் எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. சிரிக்கிறாளே, சிரிப்பதைப் பார்த்துப் பயப்படுகிற வசதி உனக்கு இருக்கிறதே என்று வருகிறது. அந்த வார்த்தையை எனக்கு உரியது என்று நினைத்திருந்தேன், பொறாமையை, அதையும் இவள் வாங்கிக்கொண்டாள். ஸ்ரீநிதி தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறாள், மாத்திரையால் அவளுக்குத் தாகம் அதிகம், கை நடுங்குகிறது, மூடி விழுந்து உருள்கிறது, சட்டையின் முன்பக்கம் நனைகிறது. அவள் கன்னம் மூன்று மாதத்தில் உப்பிப் போயிருக்கிறது. வனிதாமணி கைக்குட்டையால் துடைக்கிறாள், பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு அம்மாவின் தோளில் முகத்தை மறைத்துக்கொள்கிறது. நடுக்கம் என் கண்ணுக்குத் தெரிகிறது, தெரியாமல் இல்லை, ஆனால் என் கண் தோளில்தான் நிற்கிறது. ஒரு பிள்ளையின் முகம் தோளில் அழுந்தினால் எவ்வளவு கனமாக இருக்கும், சூடாக இருக்குமா, மூச்சு கழுத்தில் படுமா. என் கண் பட்டு அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று மனசுக்குள்ளேயே உப்பும் மிளகாயும் எடுத்து அவளைச் சுற்றிப் போடுகிறேன், சுற்றிப் போடும்போதும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

பத்தாம் நம்பர் என்று கூப்பிடுகிறார்கள், போகிறார்கள், கதவு சாத்திக்கொள்கிறது. சுவரில் ஏசி சத்தம், எனக்குக் கேட்காத சத்தம், நேத்ராவுக்குக் கேட்டிருக்கும், அதுதான் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு லேபிள்களை நகர்த்திக்கொண்டு போய்விட்டாள். மாத்திரை சாப்பிட்டால் இவள் கை நடுங்குமா, இந்தச் சின்னப் படங்களை இவ்வளவு நேராக அடுக்க முடியுமா. நடுங்கட்டும், நடு வந்தால் போதும். வராவிட்டால்? வராவிட்டால் அளவைக் கூட்டுவார்கள். கூட்டியும் வராவிட்டால்? உள்ளே யாரும் அடைபட்டுக் கிடக்கவில்லை என்று ஆகிவிட்டால், இதோ தரையில் உட்கார்ந்திருக்கிறவள்தான் நேத்ரா, முழுசாக இவ்வளவுதான், எனக்கு வேறொரு மகள் எங்கேயும் இல்லை என்று ஆகிவிட்டால் நான் இத்தனை நாள் யாருக்காகக் காத்திருந்தேன்? இல்லாத ஒருத்திக்காக இருக்கிறவளின் கால்களைப் பிடித்துக்கொண்டு ஊசி போட விட்டிருக்கிறேன். அப்படியெல்லாம் இருக்காது. டாக்டர் கெட்டிக்காரர், தப்பு இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். எதை வைத்துக் கண்டுபிடிப்பார், நான் கொடுத்ததை வைத்துத்தானே. செக்கிங்கில் நான் சரி என்று தள்ளிவிட்ட பீஸ்தான் பேக்கிங்குக்குப் போகும், அங்கே யாரும் மறுபடி விரித்துப் பார்ப்பதில்லை. சொல்லிவிடலாமா. சொன்னால் இந்த டாக்டர் இனிமேல் என்னை நம்புவாரா, இவரையும் விட்டால் எங்கே போவேன். சார்ட்டைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லலாம். பஸ்ஸில் விட்டுவிட்டேன். நேத்ரா கிழித்துவிட்டாள் என்று சொல்லலாம், எவ்வளவு சுலபமாக வருகிறது இவள் மேல் பழி, என் நாத்தனார் தேவலை.

கதவு திறக்கிறது. வனிதாமணி சிரித்துக்கொண்டே வருகிறாள், ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்களாம், பள்ளிக்கூடத்துக்கு முழு நாளும் போகலாமாம். ஸ்ரீநிதி அவள் இடுப்பில் கை போட்டுக்கொண்டு நடக்கிறாள். நல்லதுங்க்கா, ரொம்ப சந்தோசம் என்கிறேன், வாய் சொல்கிறது, நெஞ்சில் தீ வைத்த மாதிரி இருக்கிறது, அந்தத் தீயோடுதான் எழுந்து, கைப்பையிலிருந்து தாளை எடுத்து, பதினொன்றாம் நம்பர் என்று கூப்பிட்டதும் உள்ளே போய் மேசை மேல் விரித்து வைக்கிறேன்.

டாக்டர் சௌந்தரவல்லி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கிறார். ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்கிறார். “சரிதான், போன மாசம் மாதிரியே ஒன்பது நாள் சேந்து வந்திருக்கு” என்று சொல்லிக்கொண்டே மருந்துச்சீட்டை இழுக்கிறார். “குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சுப் பாக்கலாம். தாகம் எடுக்கும், கை லேசா நடுங்கலாம். பயப்பட வேண்டாம், ஆனா கவனமாப் பாக்கணும்.” நான் தலையாட்டுகிறேன். நேத்ரா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு எழுத்து எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்.

“பன்னண்டாம் தேதி சிவப்பு இல்ல” என்கிறாள்.

டாக்டர் பேனாவை நிறுத்துகிறார். “என்ன கண்ணு?”

“பன்னண்டு, பதிமூணு, பதினாலு சிவப்பு இல்ல. வீட்டு நோட்டுல இந்த ஒன்பது நாள்ல பதினெட்டு மட்டும்தான் சிவப்பு. இது தப்பு.”

“அவளுக்குத் தேதியெல்லாம் கொழம்பிருமுங்க மேடம்” என்கிறேன். என் குரல்தான். எவ்வளவு இயல்பாக, சிரிப்புகூடக் கலந்து வருகிறது.

நேத்ரா என்னைப் பார்க்கவில்லை, என் கழுத்துப் பக்கம் எங்கேயோ பார்க்கிறாள். “கொழம்பாது” என்கிறாள். கோபம் இல்லை, சத்தம் இல்லை, துணி எத்தனை சதம் காட்டன் என்று சொல்கிற அதே குரல். பேசத் தொடங்கின நாளிலிருந்து இந்தப் பிள்ளை ஒரு தேதியைத் தப்பாகச் சொன்னதில்லை, என் கல்யாண நாளை எனக்கு ஞாபகப்படுத்துகிறவள் இவள், அவளிடம் உறுதியாக இருப்பது அது ஒன்றுதான், அதைத்தான் அவள் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

“கொழம்பாதுங்க மேடம்” என்கிறேன். “அவ சொல்றதுதான் சரி. நான்தானுங்க மாத்தி எழுதினேன். போன மாசத்துதும் அப்படித்தான்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைக்கிறார். “ஏம்மா?”

எத்தனையோ சொல்லியிருக்கலாம், படிப்பு போதாது, கட்டம் புரியவில்லை என்று சொன்னால் நம்பியிருப்பார். “பொறாமைங்க மேடம்” என்கிறேன். “வனிதாமணியக்கா பாப்பாவுக்கு இருக்கறது என் புள்ளைக்கும் இருக்கட்டும்னு நெனச்சேன். நடுவுல நல்லா இருக்கும்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தானுங்க.” அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் மருந்துச்சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புதுச் சார்ட்டை எடுத்து வைக்கிறார். என் பக்கம் அல்ல, நேத்ரா பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

“நீ சொல்லு கண்ணு. இந்த மாசம் எந்தெந்த நாள் அழுத? எதனால?”

அவள் கடைசியிலிருந்துதான் தொடங்குவாள், எதையும் பின்னாலிருந்து முன்னால்தான் எண்ணுவாள். “ஜூலை மூணு, வெள்ளிக்கிழமை. வேன்ல வேற மாமா வந்தாரு. ஜூன் முப்பது. கிளாஸ்ல ட்யூப்லைட் விட்டு விட்டு எரிஞ்சுது. இருபத்தி ஏழு. ரத்தம் எடுத்தாங்க. இருபத்தி நாலு. பாட்டு பீரியட்ல கணக்கு எடுத்தாங்க.” டாக்டர் எழுதிக்கொண்டே வருகிறார். வேன் எனக்குத் தெரியும். ட்யூப்லைட் எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் காரணமே இல்லாமல் அழுதாள் என்று டீச்சர் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டேன். “பதினெட்டு. அம்மா வேற சோப்பு போட்டுட்டாங்க. அம்மா வாசம் வரல.” அதுவும் எனக்குத் தெரியாது. என் வாசம் என்று ஒன்றை இவள் வைத்திருந்தாளா, தொடாமல், மடியில் ஏறாமல், எங்கிருந்து எடுத்தாள் அதை.

“அவ்வளவுதானா?”

“இன்னும் ஒண்ணு. ஜூன் ஆறு, சனிக்கிழமை. இங்க வெளிய, சேருக்குக் கீழ உக்காந்திருந்தப்ப.”

சார்ட்டின் முதல் வரிசை, போன தடவை வந்த நாள். நான் அதில் பச்சை போட்டிருந்தேன். தரையில் குனிந்துகொண்டுதான் இருந்தாள் அன்றைக்கு, சத்தமே இல்லை, லேபிள்களை அடுக்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“இங்கயா? அதுக்கு முன்னாடி என்னாச்சு?” என்று கேட்கிறார் டாக்டர்.

“அம்மா ஸ்ரீநிதியையே பாத்துட்டு இருந்தாங்க” என்கிறாள் நேத்ரா. “ரொம்ப நேரம். என்னையப் பாக்கல.”

டாக்டர் தலை நிமிராமல் அதையும் நாலாவது கட்டத்தில் எழுதிக்கொள்கிறார்.